அண்ணன்–தங்கை ஐஸ் டான்ஸ் ஜோடிகள் சீனியரில் எவ்வளவு தூரம் போக முடியும்?

வெண்தளம் கேட்டது:

புரோட்டோகால் தாளை (நடுவர்கள் போட்ட மார்க்குகளின் விவரத் தாள்) பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐஸ் டான்ஸ் (ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பனித்தளத்தில் ஜோடியாக ஆடும் ஸ்கேட்டிங் நடனம்) பார்க்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

ஜூனியர் உலகப் போட்டியில் கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து ஆடும் ஜோடிகள் அடிக்கடி தங்கம் வாங்குகிறார்கள். 2017-ல் அமெரிக்காவின் ரேச்சல் பார்சன்ஸ் – மைக்கேல் பார்சன்ஸ். 2022-ல் ஊனா பிரவுன் – கேஜ் பிரவுன். 2023-ல் செக் நாட்டின் கத்தேர்ஷினா ம்ராஸ்கோவா – டேனியல் ம்ராசெக். 2021-ல் போட்டி நடக்கவில்லை. ஆக, 2017 முதல் 2023 வரை நடந்த ஆறு போட்டிகளில் மூன்று தங்கம் உடன்பிறந்தவர்களுக்கு.

சீனியரில் கதையே வேறு. ஐஸ் டான்ஸ் உலகப் போட்டியில் சேர்ந்தது 1952-ல். அன்றிலிருந்து பட்டம் வென்ற உடன்பிறந்த ஜோடிகள் இரண்டே இரண்டு. ஒலிம்பிக் தங்கம் ஒருவருக்கும் இல்லை. "அண்ணன் தங்கை காதலர்களாக நடிக்க முடியாது, அதனால் நடுவர்கள் மார்க் போட மாட்டார்கள்" என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது உண்மையா? உண்மையென்றால் அந்தக் குறை மார்க்கில் எங்கே விழுகிறது? செக் ஜோடி போன்ற ஒன்று சீனியருக்கு வந்தால் மேலே போகுமா, பத்தாவது இடத்தைச் சுற்றியே நிற்குமா என்று கணிக்க எதைப் பார்க்க வேண்டும்?

நான்காம்_லெவல் பதில்:

இதைக் கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

2022-23 சீசனிலிருந்து ஆட்டத்தோட மொத்தத் தரத்துக்குப் போடற காம்பொனன்ட் மார்க் மூணுதான்: கம்போசிஷன் (நடன அமைப்பு), பிரசென்டேஷன் (வெளிப்பாடு), ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் (சறுக்குத் திறன்). ஒவ்வொண்ணும் பத்துக்கு, 0.25 படிகளா. ஒன்பது நடுவர் போடுற மார்க்குல அதிகமான ஒண்ணையும் குறைஞ்ச ஒண்ணையும் தள்ளிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுக்கறாங்க. அதை முதல் ஆட்டமான ரிதம் டான்ஸ்ல 1.33-ஆலும் ரெண்டாவது ஆட்டமான ஃப்ரீ டான்ஸ்ல 2-ஆலும் பெருக்கறாங்க.

"காதல் இல்லை"ங்கறது நேரா அடிக்கிற இடம் பிரசென்டேஷன் மட்டும்தான். அதுல எல்லா நடுவரும் அரை மார்க் குறைச்சாங்கன்னே வெச்சுக்குங்க. ரிதம் டான்ஸ்ல 0.5 × 1.33 = 0.665. ஃப்ரீ டான்ஸ்ல 0.5 × 2 = 1. மொத்தம் 1.665. ஒரு லிஃப்ட் (துணையைத் தூக்கறது) நேரம் தாண்டினா ஒரு புள்ளி போயிடும். ஒருத்தர் விழுந்தா ஒரு புள்ளி, அதோட அந்த எலிமென்ட்டோட ஜி.ஓ.இ.-யும் (அதை எவ்வளவு நல்லா செஞ்சாங்கன்னு போடற மார்க்) போயிடும். அப்படிப் பார்த்தா நடிப்புக் குறைங்கறது ஒரு சறுக்கலுக்குச் சமம். வலிக்கும்தான், ஆனா ஒரு ஜோடியை நாலாவது இடத்துலேர்ந்து பத்தாவதுக்குத் தள்ளிட அது மட்டும் போதாது.

பெரிய சேதம் வேற இடத்துல இருக்கு. ட்விசில் (நகர்ந்துகிட்டே சுழல்றது), ஸ்டெப் சீக்வென்ஸ் (தொடர்ச்சியா வர்ற கால் அடவுகள்) ரெண்டுலயும் இப்ப பெண்ணுக்குத் தனி லெவல் (கடினத்துக்கான படி, 4 தான் உச்சம்), ஆணுக்குத் தனி லெவல். தாள்ல ரெண்டும் தனித்தனியாவே அச்சாகுது. அண்ணன் லெவல் 4, தங்கை லெவல் 2-ன்னு வந்தா, அந்த வித்தியாசம் ஒவ்வொரு சீக்வென்ஸ்லயும், ஒவ்வொரு போட்டியிலயும் திரும்பத் திரும்ப வரும். மத்தவங்க தன் திறமைக்கு ஈடான ஆளைத் தேடிப் போகலாம். கூடப்பிறந்த ஜோடிக்கு அந்த வழி கிடையாது, கிடைச்சதோட வாழணும். அதனால ஒரு உடன்பிறந்த ஜோடியை எடை போடறப்ப நான் முதல்ல பார்க்கறது ஸ்டெப் சீக்வென்ஸ்ல ரெண்டு பேரோட லெவலும் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னுதான். மூணு போட்டித் தாளை அடுக்கி வெச்சுப் பாருங்க. ஒரே ஆள் மூணுலயும் பின்தங்கினா அது அன்னிக்கு நடந்த தப்பு இல்ல. அந்த ஆளோட எட்ஜ் (பிளேடோட விளிம்பு) ஆழம் அவ்வளவுதான்.

அவங்களுக்குச் சாதகமான இடம் ட்விசில். ஒத்தக் கால்ல நகர்ந்துகிட்டே சுழலணும். நகர்ச்சி நின்னு ஒரே இடத்துல சுத்தினா டெக்னிக்கல் பேனல் லெவலைக் குறைச்சிடும். பெரும்பாலும் கெடறது ரெண்டாவது ட்விசில்தான். முதல் சுழற்சியை முடிச்சு வெளியே வர்றப்போ ஒருத்தர் எட்ஜ்ல கொஞ்சம் நீளமா தங்கிடுவார், அடுத்த சுழற்சியைக் கால் சுற்று தாமதமா ஆரம்பிப்பார், அப்புறம் கடைசி வரைக்கும் அந்தக் கால் சுற்றைப் பிடிக்கவே முடியாது. கை கால் நீளத்தோட விகிதம் ஒத்துப்போற ரெண்டு பேர், எட்டு வயசுலேர்ந்து ஒரே கோச்கிட்ட ஒரே எண்ணிக்கையில சுத்தினவங்க, இந்தத் தாமதத்தை ரொம்பக் குறைவாத்தான் விடுவாங்க. அமெரிக்காவோட அண்ணன் தங்கை ஜோடி மாயா ஷிபுடானி – அலெக்ஸ் ஷிபுடானியோட ட்விசிலை வேகத்தைக் குறைச்சுப் பாருங்க. ரெண்டு பேரோட தோளும் ஒரே நொடியில நம்ம பக்கம் திரும்பும்.

போட்டியாளர்களுக்கு நடுவுல அவங்க எங்கே நின்னாங்கங்கறதுக்கு 2018 நல்ல உதாரணம். அமெரிக்க தேசியப் போட்டியில மாடிசன் ஹப்பெல் – ஸாக்கரி டோனஹியூகிட்ட 0.19 புள்ளியில தங்கம் போச்சு. அடுத்த மாசம் பியோங்சாங் ஒலிம்பிக்ல ஷார்ட் டான்ஸ்ல (ரிதம் டான்ஸோட அப்போதைய பேர்) மறுபடியும் அதே ஜோடி முன்னால: 77.75, இவங்க 77.73. ஃப்ரீ டான்ஸ்ல இவங்க 114.86, அவங்க 109.94. மொத்தம் 192.59, வெண்கலம். மேல இருந்த கனடாவோட விர்ச்சூ – மோயர் 206.07, பிரான்சோட பபடாகிஸ் – சிசெரோன் 205.28. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட அஞ்சு புள்ளி, ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல பன்னெண்டரைக்கு மேல.

அந்தப் பன்னெண்டரையைக் காதல் கணக்குல எழுதினா தப்பு. ஹப்பெலும் டோனஹியூவும் கூடப்பிறந்தவங்க இல்லையே, அவங்களும் அந்த ரெண்டு ஜோடிக்கு வெகு தூரம் கீழேதானே இருந்தாங்க. அந்த வருஷம் மேல இருந்த ரெண்டு பேரும் ஓடற வேகத்துலயும் எட்ஜ் ஆழத்துலயும் எல்லாரையும் விட்டு விலகியிருந்தாங்க, அவ்வளவுதான்.

பழைய_பதிவு பதில்:

கணக்கு சரி. அதோடு பழைய முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும்.

நீங்கள் சொன்ன இரண்டு உலகச் சாம்பியன்களில் முதல் ஜோடி செக்கோஸ்லோவாகியாவின் ஏவா ரொமானோவா – பாவெல் ரோமன். 1962-ல் சொந்த மண்ணான பிராகில் ஜெயித்தார்கள், பிறகு 1965 வரை விடவே இல்லை. தொடர்ந்து நான்கு தங்கம். ஐஸ் டான்ஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976-ல்தான் என்பதால் அவர்களுக்கு ஒலிம்பிக் பதக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. "ஒலிம்பிக் தங்கம் இல்லை" என்று எண்ணும்போது இதை நினைவில் வையுங்கள்.

அடுத்து மேற்கு ஜெர்மனியின் ஆங்கெலிகா பக் – எரிக் பக். 1972 ஐரோப்பியப் பட்டத்தை வாங்கினார்கள், அதுவும் சோவியத் ஜோடி பகோமோவா – கோர்ஷ்கோவ் கோலோச்சிய காலத்தில். ரேவன்ஸ்பர்கர் வால்ட்ஸ் என்ற நடன அமைப்பை அவர்களும் பயிற்சியாளர் பெட்டி காலவேயும் சேர்ந்து உருவாக்கினார்கள். வால்ட்ஸ் என்றால் நெருங்கிப் பிடித்து ஆடுவது. கூடப்பிறந்தவர்களுக்கு நெருக்கமான பிடி ஒத்துவராது என்கிறவர்கள் அதை ஒருமுறை பார்க்கட்டும்.

இரண்டாவது உலகச் சாம்பியன், இசபெல் துஷேனே – பால் துஷேனே. கனடாவில் வளர்ந்து பிரான்சுக்காக ஆடியவர்கள். 1988 கால்கரி ஒலிம்பிக்கில் காட்டு முரசு ஒலிக்கு ஆடினார்கள், எட்டாவது இடம். 1989 பாரிஸில் வெண்கலம், 1990 ஹாலிஃபாக்ஸில் வெள்ளி, 1991 மியூனிக்கில் தங்கம். 1992 ஆல்பெர்வில் ஒலிம்பிக்கில் கிளிமோவா – பொனொமரென்கோவுக்குப் பின்னால் வெள்ளி. நடனம் அமைத்துக் கொடுத்தவர் பிரிட்டனின் ஐஸ் டான்சர் கிறிஸ்டோபர் டீன். அவர் அவர்களைக் காதலர்களாக்க முயலவே இல்லை. 1990-ல் லத்தீன் அமெரிக்காவில் அடக்குமுறைக்கு ஆளான மக்களைப் பற்றிய நடனம். ஒருவரை ஒருவர் தாங்குவது, இழுத்துக் காப்பாற்றுவது, சேர்ந்து ஓடுவது என்று ஒவ்வோர் அசைவும் அந்தக் கதைக்குள்ளிருந்து வந்தது. அண்ணன் தங்கைக்கு அதில் எதையும் மறைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

பிரிட்டனின் ஷினேட் கெர் – ஜான் கெர் 2009, 2011 ஐரோப்பியப் போட்டிகளில் வெண்கலம், 2010 வான்கூவரில் எட்டாவது. அக்காவே தம்பியைத் தூக்கும் லிஃப்ட் ஒன்றை நடனத்தில் வைத்தார்கள். காதல் ஜோடி செய்தால் விசித்திரமாகத் தெரியக்கூடியது, அவர்களிடம் இயல்பாக இருந்தது.

ஷிபுடானிகள் விஷயத்தில் முடிவுகளின் வரிசையைப் பாருங்கள். 2011 மாஸ்கோவில் முதல் சீனியர் சீசனிலேயே உலக வெண்கலம். அதன் பின் 8, 8, 6, 5. பிறகு 2016 பாஸ்டனில் வெள்ளி, 2017 ஹெல்சிங்கியில் வெண்கலம். நடுவில் இருந்த நான்கு வருடங்களில் அவர்கள் மற்றவர்கள் ஆடுகிற மாதிரியான பாத்திரங்களை ஆடிப் பார்த்தார்கள். 2015-16-ல் இருவரின் சொந்த உறவையே பேசுகிற மெதுவான நவீனப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள், அந்த சீசனில்தான் முதல் தேசியப் பட்டமும் உலக வெள்ளியும் வந்தன. திறமையும் அந்த ஆண்டுகளில் வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் எதை ஆடுவது என்பதில் வந்த தெளிவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

வெண்தளம்:

ஃப்ரீ டான்ஸில் கதையை நாமே தேர்ந்தெடுக்கலாம், சரி. ரிதம் டான்ஸில் தாளத்தைச் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் சொல்கிறதே? ரும்பா, டாங்கோ என்று வந்தால் என்ன செய்வார்கள்? இன்னொன்று, ஜூனியரில் இவ்வளவு ஜெயிப்பவர்கள் சீனியர் வந்ததும் ஏன் குறைகிறார்கள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

குறுக்கெட்ஜ் பதில்:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன்.

இந்த விளையாட்டில் பையன்களுக்குப் பெரிய பஞ்சம். பத்து வயதுப் பெண்கள் ஒரு தளத்தில் முப்பது பேர் இருந்தால் ஜோடி சேர ஆண் பிள்ளை இரண்டு பேர் இருப்பார்கள். வீட்டிலேயே ஓர் அண்ணன் இருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தேடல் மிச்சம். தளத்துக்குப் போக ஒரே கார், பயிற்சிக்கு ஒரே நேரம், இருவருக்கும் சேர்த்து ஒரே செலவு. மற்றவர்கள் பதினான்கு பதினைந்து வயதில் ஆள் கிடைத்துப் பிடியைப் பழகும்போது இவர்கள் ஏழெட்டு வருடம் சேர்ந்து ஆடியிருப்பார்கள். ஜூனியர் தங்கங்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

பத்தொன்பது, இருபது வயதில் அந்த முன்தொடக்கம் கரைந்துவிடுகிறது. மற்றவர்கள் உலகம் முழுக்கத் தேடி, உயரம், எட்ஜ், லட்சியம் எல்லாம் ஒத்துவருகிற ஆளோடு புதிதாகச் சேர்கிறார்கள். நீண்ட காலம் சேர்ந்திருப்பது கூடப்பிறந்தவர்களுக்கு மட்டுமே சொந்தமும் அல்ல. விர்ச்சூ – மோயர், டேவிஸ் – வைட் இரு ஜோடியும் 1997-லேயே சேர்ந்தவர்கள்.

கூடப்பிறந்தவர்கள் பிரிந்து வேறு துணையோடு மேலே போனதற்கும் உதாரணம் இருக்கிறது. மாடிசன் ஹப்பெல் 2011 வரை தன் அண்ணன் கீஃபரோடு ஆடினார். டோனஹியூவோடு சேர்ந்த பிறகு 2018 உலக வெள்ளி, 2022 ஒலிம்பிக் வெண்கலம். மேலே சொன்ன பார்சன்ஸ் ஜோடி 2019-ல் நின்றது. அதே சமயம் கரோலின் கிரீன் தன் அண்ணன் கோர்டனோடு ஆடுவதை நிறுத்தினார். கரோலினும் மைக்கேல் பார்சன்ஸும் சேர்ந்து 2022-ல் நான்கு கண்டங்கள் போட்டியில் (ஐரோப்பா தவிர்த்த நாடுகளுக்கானது) தங்கம் வாங்கினார்கள். இரண்டு உடன்பிறந்த ஜோடிகள் கலைந்து ஒரு புது ஜோடி!

ஆனால் பிரிவதற்கு முன் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும், அது குடியுரிமை. ஒலிம்பிக்கில் இருவருக்கும் ஒரே நாட்டுக் குடியுரிமை வேண்டும். உலகப் போட்டிக்கு அது தேவையில்லை. லாரன்ஸ் ஃபூர்னியே போத்ரி டென்மார்க்குக்காக ஆடிக்கொண்டிருந்தபோது டேனிஷ் குடியுரிமை கிடைக்காததால் 2018 ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். லித்துவேனியாவுக்காக ஆடிய ஆலிசன் ரீட் அதே காரணத்தால் 2022-ஐத் தவறவிட்டார். அதே ரீட் குடும்பத்தில் அக்கா கேத்தியும் அண்ணன் கிறிஸும் ஜோடியாக ஜப்பானுக்காக 2010, 2014 என இரண்டு ஒலிம்பிக்கில் இறங்கினார்கள். ஒரே தாயின் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் தகராறு வர வாய்ப்பே குறைவு. சின்ன நாட்டுக்கு இது சாதாரண லாபம் அல்ல.

வயது விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-25 முதல் சீனியரில் ஆட, சீசன் தொடங்கும் ஜூலை 1-க்கு முன் 17 முடிந்திருக்க வேண்டும். இளையவர் அந்த வயதைத் தொடும் வரை மூத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். மாயா பிறந்தது 1994 ஜூலை 20. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அவர் 2012-13-ல்தான் சீனியருக்கு வந்திருக்க முடியும். 2011 மாஸ்கோ வெண்கலமே கிடையாது. மூன்று வயது இடைவெளி உள்ள ஜோடியில் தங்கைக்கு 17 ஆகும்போது அண்ணனுக்கு 20. அந்த மூன்று வருடம் அவன் தன் வயதுக்காரர்களோடு சீனியரில் மோதிப் பழகாமல் போகிறான்.

நான்காம்_லெவல்:

ரும்பா, டாங்கோ கேள்விக்கு வரேன். டி.வி.-யில பார்க்கிறவங்க "கெமிஸ்ட்ரி இல்லை"ன்னு சொல்ற இடத்தை நிறுத்திப் பாருங்க. பத்துக்கு ஏழு தடவை அங்கே பிரச்சினை முகத்துல இருக்காது, இடுப்புல இருக்கும். க்ளோஸ்டு ஹோல்டுல (ஒருத்தரை ஒருத்தர் பார்த்து நெருக்கிப் பிடிக்கற பிடி) ரெண்டு பேரோட இடுப்பும் கிட்டத்தட்ட ஒட்டி இருக்கணும். சின்ன வயசு அண்ணன் தங்கை கூச்சத்துல நடுவுல ஒரு சாண் இடைவெளி விட்டுப் பழகிடறாங்க. அந்த இடைவெளி இருந்தா ரெண்டு பேரும் ஒரே சாய்வுல ஒரே வளைவை வெட்ட முடியாது. வெளிப்பக்கம் இருக்கறவர் பெரிய வளைவைத் துரத்தணும், அதனால முழங்கால் நிமிரும், எட்ஜ் தட்டையாகும், வேகம் செத்துப்போகும். நடுவர் அதுக்கு ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்லயும் குறைப்பார், ஜி.ஓ.இ.-லயும் குறைப்பார். முன்னே சொன்ன 1.665 இப்படித்தான் நாலஞ்சு புள்ளியா வளருது. மூணு காம்பொனன்ட்டும் ஒரு கால் மார்க் இறங்கினாலே ரெண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 2.5 போயிடும்.

இதுக்கு மருந்து நடிப்பு வகுப்பு இல்ல. பிடியை நெருக்கி, பழைய பேட்டர்ன் டான்ஸ்களை (அடவும் தளத்துல போற பாதையும் முன்னாடியே வகுத்த நடனங்கள்) தினமும் ஓட்டறதுதான். பார்வையைச் சமாளிக்கறது சுலபம்: டாங்கோல ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறதுக்குப் பதிலா ரெண்டு பேரும் ஒரே திசையை முறைச்சுப் பார்க்கலாம், அது அந்த நடனத்துக்குப் பொருந்தவும் செய்யும். 2017-18-ல ரும்பா கட்டாயமா இருந்தப்ப ஷிபுடானிகள் மாம்போவையும் சேர்த்து, தாளத்தோட துள்ளலை முன்னால வெச்சாங்க.

ஒண்ணு மட்டும் செய்யக் கூடாது. நெருக்கத்தைத் தவிர்க்கறதுக்காக ஆட்டம் முழுக்கப் பக்கத்துல பக்கத்துல தனித்தனியா ஆட வைக்கறாங்க சில பேர். தொடாம ஆடற ஸ்டெப் சீக்வென்ஸ்ல கூட ரெண்டு கை நீளத்துக்கு மேல தள்ளிப் போகக் கூடாது. மத்த இடத்துல பிரிஞ்சு இருக்கறதுக்கும் விதியில அளவு இருக்கு, மீறினா புள்ளி வெட்டு.

லிஃப்ட் பத்தி ஒரு வார்த்தை. ஐஸ் டான்ஸ்ல தலைக்கு மேல கையை முழுசா நீட்டித் தூக்கக் கூடாது, வீசி எறியறதும் கிடையாது. அதனால பேர்ஸ் (தலைக்கு மேல தூக்கறதும் வீசி எறியறதும் உள்ள இன்னொரு ஜோடிப் பிரிவு) மாதிரி பெரிய உயர வித்தியாசம் கட்டாயம் இல்ல, கூடப்பிறந்தவங்க இங்கே தாக்குப்பிடிக்கறதுக்கு அது முக்கியமான காரணம். ஆனா தங்கச்சி பதிமூணுல வளர்ந்துடுவா, அண்ணன் தோள் பலம் பதினேழு பதினெட்டுலதான் வரும். நடுவுல இருக்கிற ரெண்டு வருஷம் லிஃப்ட்ல ஏறவே நேரம் பிடிக்கும். ஒரே லிஃப்ட்டான ஷார்ட் லிஃப்ட்டுக்கு 7 நொடி, ரெண்டு லிஃப்ட்டைச் சேர்த்த காம்பினேஷனுக்கு 12. ஏறறதுக்கே ரெண்டு நொடி போனா பொசிஷனைக் காட்ட நேரம் பத்தாது, லெவல் விழும். அந்த வயசுல ஒரு ஜோடி லிஃப்ட்ல தடுமாறினா அவசரப்பட்டு எழுதித் தள்ளிடாதீங்க. ட்விசிலையும் ஸ்டெப் லெவலையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

பழைய_பதிவு:

செக் ஜோடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த நாட்டில் நதாலி டாஷ்லெரோவா – ஃபிலிப் டாஷ்லெர் என்று இன்னோர் உடன்பிறந்த ஜோடியும் சீனியரில் இருக்கிறது. எனவே முதல் போட்டியாளர் வீட்டுக்குள்ளேயே. உலகப் போட்டிக்கு ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று இடம். ஒரே ஜோடி இறங்கினால், முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அடுத்த வருடம் மூன்று, பத்துக்குள் வந்தால் இரண்டு. இரண்டு ஜோடி இறங்கினால் இரண்டு பேரின் இடத்தையும் கூட்டுவார்கள்: 13-க்குள் இருந்தால் மூன்று, 28-க்குள் இருந்தால் இரண்டு, தாண்டினால் ஒன்று. ஒரு ஜோடி பன்னிரண்டாவது, மற்றது பதினாறாவது என்றால் கூட்டுத்தொகை 28, தப்பித்தார்கள். முதல் ஜோடி பதின்மூன்றாவது என்றால் போச்சு, அடுத்த மார்ச்சில் இரண்டு ஜோடியில் ஒன்று வீட்டில் இருக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் இதே போட்டி மூன்று இடத்துக்கு நடக்கிறது: 2018 தேசியப் போட்டியில் ஹப்பெல் – டோனஹியூ, ஷிபுடானிகள், சாக் – பேட்ஸ் மூவரும் ஒரு புள்ளிக்குள் முடித்தார்கள். செக் ஜோடியின் முடிவைப் பார்க்கும்போது அவர்கள் வந்த இடத்தோடு நிறுத்தாமல், கூட வந்த மற்ற செக் ஜோடியின் இடத்தையும் கூட்டிப் பாருங்கள்.

வெண்தளம்:

மிக்க நன்றி எல்லோருக்கும். அடுத்த போட்டித் தாளில் முதலில் ஸ்டெப் சீக்வென்ஸில் இருவர் லெவலையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறேன், பிறகு க்ளோஸ்டு ஹோல்டில் இடுப்பு. மூன்று போட்டி சேர்ந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.